நாற்பத்தொன்று

நாலரைக்கு மரத்தடியில் பொலித்தீன் விரிக்கிறோம்.
பூங்காக் காவலாளி ஜுனைதீன் கொட்டாவியோடு கேற்றைத் திறந்து
"இண்டைக்கும் மூத்திரம் பிடிக்கவா?" என்கிறார்.
ஓம், இண்டைக்கும் அதற்குத்தான்.

கொள்ளுப்பிட்டிப் பக்கமிருந்து வருகின்றன,
இரவு வேலை முடிந்தவர்கள் போல.
முதலில் ஒன்று, பிறகு பத்து,
பிறகு எண்ணுவதை விட்டுவிடுவேன்.
கிளை பிடிக்க ஒரு சண்டை,
பிடித்தபின் இன்னொரு சண்டை,
நூற்று முப்பத்தெட்டாம் இலக்க பஸ்ஸில் சீற்றுக்கு நடப்பது போல.
வாயில் இன்னும் கொட்டங்காய்ச் சாறு.
துளி விழும். கவசத்துக்குள் வியர்த்தபடி
உறிஞ்சி, எண் போட்டு, ஐஸில் வைப்பேன்.

பொரளை ஆய்வுகூடத்தில்
மூன்று வாரம் கழித்து
இயந்திரம் எழுத்துகளைத் துப்பியது.
உலகப் பட்டியல்களில் தேடினோம்.
தூரத்துச் சொந்தங்கள் சில இருந்தன,
அதிலொன்று கொலைகாரன்.
இதற்கோ இன்னும் பெயரே இல்லை.
"ஊர்ப்பெயர் வேண்டாம்," என்றார் டொக்டர் பிலோமினா,
"பிறகு அந்த ஊரில் ஒருத்தரும் பழம் விற்க ஏலாது."

தொலைக்காட்சியிலிருந்து கேட்டார்கள்:
ஆபத்தா, இல்லையா, ஒரே சொல்லில்?
தெரியாது என்றேன்.
அதை ஒரு சொல்லாக அவர்கள் எடுக்கவில்லை.
இரவுச் செய்தியில் சிவந்த கண்ணும் கூரிய பல்லும்
பின்னால் முரசும் வந்தன.
விடிந்ததும் மாநகர சபைக்கு மனு:
மரங்களைத் தறியுங்கள்.
தறித்தால் அவை எங்கே போகும்?
உங்கள் மாமரத்துக்கு,
மூடியில்லாத உங்கள் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் அழைத்தார்.
பிள்ளை கடித்த கொய்யாவைத் தின்றுவிட்டானாம்.
அணில் கடித்ததா வௌவால் கடித்ததா,
அவனுக்கெப்படித் தெரியும் மிஸ்?
எனக்கும் தெரியாதம்மா.
கழுவுங்கள். கடிபட்டதை எறியுங்கள்.
போனை வைத்தபின்
என் மேசையிலிருந்த ஜம்புப் பழத்தைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மரத்தடியில் வேலை செய்வோரின் இரத்தம்
அறுபது குழாய்.
ஐம்பத்தொன்பது பேசவில்லை.
நாற்பத்தொன்று மட்டும்
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல்
மெல்லத் திரும்பிப் பார்த்தது.
மறுபடி செய்தோம்.
மறுபடியும் திரும்பிப் பார்த்தது.

மருதாயி, வனாத்தமுல்லை.
பதினேழு வருசமாய் இங்கே கூட்டுகிறவர்.
"காய்ச்சலா? எந்தக் காய்ச்சலக் கேக்குறீங்க?
வெள்ளம் வந்த வருசம் ஒண்ணு வந்துச்சு.
ரெண்டு நாளு தல பொளந்துச்சு.
கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சேன்.
சம்பளத்த வெட்டுவாங்கன்னு மூணாம் நாளு வந்துட்டேன்."

அதுதானா இது?
வேறேதோ காய்ச்சலின் நிழலா?
ஒரு சான்று என்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.
அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான்
மூன்று நாளாய்த் தூக்கமில்லாமல் கிடக்கிறேன்.

"அப்ப என்னய வேலையிலருந்து நிப்பாட்டிருவாங்களா?"
அதற்கு நான் ஆயத்தமாய் வரவில்லை.
எண்ணை மட்டுந்தான் எழுதுவோம் என்றேன்,
பெயரை எழுத மாட்டோம்.
அவர் அண்ணாந்து பார்த்தார்.
மேலே நூற்றுக்கணக்கில் மூடிய குடைகள்.
"வௌவா வீட்டுக்கு விருந்தாளி போனா
நீயும் தொங்கு நானும் தொங்குன்னு சொல்லுவாங்க.
இது நம்ம வீட்டுக்கு வந்து
ரெண்டு நாளு தொங்கிட்டுப் போயிருக்காக்கும்."
சிரித்தார். விளக்குமாற்றைத் தரையில் குத்தி
ஈர்க்கை நேராக்கினார்.

படிவத்தில் 'மனிதருக்கான அபாயம்' என்ற கட்டத்தில்
தெரியாது என்று தட்டினேன்.
டொக்டர் அதை 'மேலதிக ஆய்வு தேவை' என மாற்றினார்.
இரண்டும் ஒன்றுதான்,
இரண்டாவதற்குக் காசு கேட்கலாம்.

களஞ்சியத்தில் கையெழுத்துப் போட்டு
இரண்டு சோடி கையுறை எடுத்துக் கொடுத்தேன்.
அடுத்த நாள் கேற்றைத் திறந்த ஜுனைதீனின் கையில் ஒரு சோடி.
மற்றதைப் போட்டபடி,
விரலை விடப் பெரிய விரல்களோடு,
மருதாயி பாதி கடித்த பழங்களைக்
கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.
நான் பொலித்தீனை உதறினேன்.
முதலாவது வந்துவிட்டது.